ஒன்ஸ்மோர் கேட்ட ஞாயிற்றுக்கிழமை

1. பாரிஸிலிருந்து வரவேண்டிய தமிழ்ப் படப்பெட்டி வரவில்லை.
2. ஆட்கள் வந்துவிட்டார்கள். தியேட்டர் நிறைந்திருந்தது.
3. மறுநாள் காட்சிக்காக வந்து கிடந்த பழைய ஹாலிவுட் பாட்டுப் படம் ஒன்றை, முகாமையாளரின் அனுமதியோடு, அவர்களுக்கு ஓட்டினேன்.
4. அந்தப் படத்தின் கதாநாயகனை எல்லோருக்கும் பிடித்துவிட்டது.
5. ஒரு பாட்டை மறுபடியும் போடச் சொன்னார்கள்.
6. பிலிம் கிழிந்தது. நான் கிழிக்கவில்லை.
7. வேலை போனது எனக்கு.

இயந்திரம் பழுதுபார்க்கப் படித்தவர்கள் ஒரு கோளாறை இப்படித்தான் எழுதுவோம். நடந்தது முதலில், காரணம் பிறகு. ஏழாவதுக்கு மேல் எழுத எனக்குப் பல வருடமாக மனம் வரவில்லை. இப்போது காரணத்தையும் எழுதிவிடலாம் என்று நினைக்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில் தெற்கு லண்டனில் அந்தத் தியேட்டர் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பழைய கட்டடம். சிவப்பு நாற்காலிகளில் பாதி நூல் பிரிந்திருக்கும். வார நாட்களில் ஆங்கிலப் படங்கள், திங்கட்கிழமை மத்தியானம் ஓய்வூதியக்காரர்களுக்கு ஒரு பழைய படமும் தேநீரும் பிஸ்கட்டும், ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள். நாங்கள் என்றால் டூட்டிங்கிலிருந்தும் தோர்ண்டன் ஹீத்திலிருந்தும் பஸ் பிடித்து வரும் யாழ்ப்பாணத்துச் சனம். ஒரு படப்பெட்டி பாரிஸில் ஒரு வாரம் ஓடும், பிறகு லண்டன் வரும், பிறகு ஜெர்மனிக்குப் போகும். மழைக்கோடுகள் விழுந்து, பாட்டுகள் பாதியில் வெட்டுப்பட்டு, எங்களிடம் வரும்போது அது வேறொரு படமாக இருக்கும். அதற்கும் கூட்டம் வரும்.

நான் தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னணுவியல் முடித்திருந்தேன். அந்தத் தியேட்டரில் படம் ஓட்டுகிற வேலையில் தகுதிகாண் காலத்தில் இருந்தேன். அங்கிருந்த ஆபரேட்டர் ஆண்டு முடிவில் ஓய்வு பெறப் போகிறார் என்றும், பிழையில்லாமல் செய்தால் அந்த இடம் எனக்குத்தான் என்றும் முகாமையாளர் சொல்லியிருந்தார். அவர் சொல்லை நிறுத்துப் பேசும் வெள்ளைக்காரர். எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. கல்லூரியில் என்னோடு படித்த பெடியன்கள் எல்லோரும் பட்டறைகளில் சேர்ந்துவிட்டார்கள். என்னை நேர்முகத்துக்குக் கூப்பிட்ட இடங்களில் எல்லாம், நீ பெண்ணாயிற்றே, இந்தக் கையால் கனமான பெட்டி தூக்குவாயா என்றுதான் கேட்டார்கள். படச்சுருளும் கனம்தான். நான் தூக்கினேன்.

அந்த அறையை இன்றும் கண்ணை மூடிக்கொண்டு வரைந்து காட்டுவேன். இரண்டு புரொஜெக்டர்கள், ஒன்றில் ஒரு ரீல் முடியும்போது மற்றதில் அடுத்த ரீல் தயாராக இருக்க வேண்டும். படத்தின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி வந்து போகும். சபையில் இருப்பவர்கள் அதைப் பார்ப்பதில்லை. எங்களுக்கு அது மட்டும்தான் தெரியும். விளக்கு பழைய முறை, இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவே நெருப்பு எரிவது. குச்சி எரியஎரியக் குறையும், பக்கத்தில் நின்று சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். விட்டுவிட்டுப் போனால் திரை மங்கி இருண்டுவிடும். கதவுக்கு வெளியே ஆங்கிலத்தில் ஒரு பலகை: பணியாளர் தவிர வேறு யாரும் உள்ளே வரக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமைக் காட்சிகளை நடத்தியவரை எல்லோரும் அண்ணை என்பார்கள். என் வயதுக்காரருக்கு அவர் அங்கிள். சுருட்டை முடி, எப்போதும் இஸ்திரி போட்ட சேட். ஒருவரைப் பார்த்ததும் அவருடைய தாயின் முழங்கால் வருத்தத்தை விசாரிப்பார். பிள்ளைகளின் பெயர் மறக்க மாட்டார். அகதியாக வந்து இறங்கிய எத்தனையோ குடும்பங்களை ஹீத்ரோவுக்குப் போய்க் கூட்டி வந்தவர். எங்களையும் அவர்தான் கூட்டி வந்தார். டூட்டிங்கில் ஒரு கடைக்கு மேலே அறை எடுத்துத் தந்தார். அப்பாவுக்குப் பெற்றோல் நிலையத்தில் வேலை பிடித்துத் தந்தார். அதனால் அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்காகப் பல்கனி மாடிப்படியின் கீழே நின்று டிக்கெட் கிழிப்பார். என் அறைக்கும் அதே படிதான் வழி.

அன்றைக்குக் கப்பல்துறையில் ஏதோ வேலைநிறுத்தம். படப்பெட்டியோடு வந்த வாகனம் பிரான்ஸ் பக்கமே நின்றுவிட்டது. செய்தி வந்தபோது கீழே கூட்டம் உட்கார்ந்துவிட்டது. இடைவேளைக்கு விற்கப் பொரித்து வைத்திருந்த ரோல்ஸின் வாசனை என் அறை வரை வந்தது. காசைத் திருப்பித் தரச் சொல்லிச் சில ஆண்கள் எழும்பத் தொடங்கினார்கள். அங்கிள் முகாமையாளரின் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். திங்கட்கிழமைப் படம் சனிக்கிழமையே வந்து என் அறையில் கிடந்தது. முகாமையாளர் என்னோடு பேச வேண்டும் என்றார். அது வாடகைக்கு எடுத்த பிரதி, நல்ல நிலையில் இருக்கிறது, உன் பொறுப்பில் ஓட்டு, உன்னைத் தவிர யாரும் அதைத் தொடக்கூடாது என்றார். சரி என்றேன்.

அங்கிள் மேடையில் ஏறினார். மைக் வேலை செய்யவில்லை. அவருக்கு மைக் தேவையுமில்லை.

"இண்டைக்கு ஒரு வெள்ளைக்காரன் எங்களுக்காக ஆடப்போறான். இவ்வளவு நாளும் நாங்கள்தானே அவனுக்காக ஆடினது."

சிரிப்பு எழுந்தது. எழும்பியவர்கள் உட்கார்ந்தார்கள். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

படம் இது. ஒரு பெரிய கடையில் தொப்பி விற்கும் இளைஞன். தொப்பி வாங்க வந்த பெண் அவனைக் கடை முதலாளி என்று நினைத்துவிடுகிறாள். அவனும் மறுக்கவில்லை. பிறகு பொய்க்கு மேல் பொய், பொய்க்கு நடுவே பாட்டு. கதையில் ஒன்றுமில்லை. எல்லாம் அந்த நடிகனில்தான் இருந்தது. மெலிந்த ஆள், பெரிய அழகன் என்று சொல்ல முடியாது, காது கொஞ்சம் விரிந்திருக்கும். ஆனால் அவன் ஒரு கதவைத் திறந்தால் அந்தக் கதவுக்கே சந்தோசம் என்பது போல இருக்கும். நடப்பதற்கும் ஆடுவதற்கும் நடுவே அவனுக்கு எல்லைக்கோடு கிடையாது. ஏதாவது ஒன்றைத் தட்டிவிடுவான், உடைப்பான், ஒருவர் காலை மிதிப்பான். பிறகு புருவத்தைத் தூக்கி, தலையைச் சற்றே சரித்து, தோள்களை உயர்த்தி எங்களைப் பார்ப்பான். நான் என்ன செய்ய, நான் இப்படித்தான் என்ற பார்வை. அந்த ஒரு பார்வையில் எல்லாம் மன்னிக்கப்பட்டுவிடும். கடையில் அவனால் வேலை இழக்கிற கிழட்டுக் கணக்குப்பிள்ளை ஒருவர் உண்டு. அவர் போவதைக்கூட யாரும் கவனிப்பதில்லை.

எங்கள் சனத்தில் பாதிப்பேருக்கு அந்த ஆங்கிலம் விளங்கியிருக்காது. அது தேவைப்படவில்லை. படத்தின் ஒளி வெளியே போகும் கண்ணாடித் துவாரத்தின் பக்கத்தில் சின்ன ஜன்னல் ஒன்று உண்டு, அதால் பல்கனிக் கதை எல்லாம் எனக்குக் கேட்கும். ஒரு அம்மா பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தா.

"பெடியன் நல்ல பெடியன். அந்தப் பெட்டைதான் விளங்காதது."

"அவன் பொய்தானே சொல்லுறான்?"

"சொன்னா என்ன? எவ்வளவு வடிவாச் சொல்லுறான்."

மூன்றாவது ரீலின் முடிவில் அந்தப் பாட்டு. அவன் தொப்பிப் பெட்டிகளைத் தலைக்கு மேலே வரை அடுக்கிக் கையில் ஏந்திக்கொண்டு, கடையின் நீளத்துக்கும் ஆடிக்கொண்டு போகிறான். கோபுரம் இந்தப் பக்கம் சாயும், அந்தப் பக்கம் சாயும், விழாது. கடைசியில் விற்பனை மேசையில் இறக்கி வைக்கும்போது உச்சிப் பெட்டி விழுகிறது. அதைக் காலால் ஏந்துகிறான். பிறகு அந்தப் பார்வை.

சபை எழும்பிவிட்டது. விசில். நாற்காலியில் அடி. "ஒன்ஸ்மோர்" என்று ஒருவர் தொடங்க, முழுத் தியேட்டரும் பிடித்துக்கொண்டது. ஊர்த் தியேட்டர்களில் நல்ல பாட்டு என்றால் ஆபரேட்டர் ரீலைத் திருப்பிப் போட்டுத்தான் ஆக வேண்டும். போடாவிட்டால் நாற்காலி மிஞ்சாது. லண்டனில் அதுவரை யாரும் கேட்டதில்லை. வெட்டுப்பட்டு வந்த தமிழ்ப் படங்களில் திருப்பிப் போட என்ன இருந்தது? அந்தப் பழக்கத்தை ஒரு வெள்ளைக்காரன் வந்து எழுப்பிவிட்டான். என் அறையில் நின்று எனக்கும் சிரிப்பு வந்தது. மூலைப் புள்ளியைப் பார்த்து நான்காவது ரீலுக்கு மாறிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

கதவைத் திறந்துகொண்டு அங்கிள் வந்தார். வேர்த்திருந்தார், முகம் மலர்ந்திருந்தது.

"பிள்ளை, அந்தப் பாட்டை ஒருக்காத் திருப்பிப் போட்டுவிடு. சனம் குழம்புது."

"ஏலாது அங்கிள். இது எங்கட படமில்லை. நாளைக்கு இங்கத்தைய வயசான ஆக்களுக்குப் போடவேணும்."

"அவைக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேக்காது. தேத்தண்ணிக்குத்தானே வருகினம்."

நான் மறுபடியும் ஏலாது என்றேன். என்னைத் தவிர யாரும் தொடக்கூடாது என்று முகாமையாளர் சொன்னதையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அவர் எப்போதும் கோபப்படுவதில்லை. தான் யாழ்ப்பாணத்தில் தியேட்டருக்குள்ளேயே வளர்ந்தவன், இந்த வேலை தனக்குத் தெரியாததா என்று சொல்லிக்கொண்டே, முடிந்த ரீலைக் கழற்றித் திருப்பிச் சுற்றும் மேசைக்குக் கொண்டுபோய்விட்டார். நான் எரிகிற விளக்குக்குப் பக்கத்தில் நின்றேன். அதை விட்டு அசைந்தால் திரை இருண்டுவிடும். வேண்டாம் என்று சொல்வதைத் தவிர வேறு எதுவும் செய்ய முடியவில்லை. அவர் கைப்பிடியை வேகமாகச் சுற்றினார். ஒரு சத்தம் கேட்டது. சீப்பின் பல்லை நகத்தால் விறுக்கென்று உரசுவது போல. பிலிம் உருளையை விட்டு நழுவி மேசை விளிம்பில் ஏறி, ஓரத்துத் துளைகள் வரிசையாகப் பிய்ந்துகொண்டு போயின. பிறகு அறுந்தது.

அவர் கையிலிருந்த முனையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். புருவத்தைத் தூக்கி, தலையைச் சற்றே சரித்து, தோள்களை உயர்த்தினார்.

"ஐயோ பிள்ளை. நீ கெட்டிக்காரி, ஒட்டிப்போடுவாய்."

கீழே போய் இடைவேளை என்று அறிவித்தார். விளக்குகள் எரிந்தன. ரோல்ஸ் விற்றது.

நான் ஒட்டினேன். பிய்ந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு, நல்ல முனைகளைச் சேர்த்தேன். சேர்ப்பதற்கு முன்பு பிலிமை விளக்குக்கு எதிரே பிடித்து, படம் படமாகப் பார்க்க வேண்டும். அப்போதுதான் கண்டேன். விற்பனை மேசைக்குப் பின்னால் ஒருவர் குனிந்து இருக்கிறார். மேசை விளிம்பில் அவருடைய விரல்கள் மட்டும் தெரிகின்றன. அடிப் பெட்டியை அந்த விரல்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஓடுகிற படத்தில் அதை யாரும் காண முடியாது. நான்கைந்து படங்களில் மட்டும் அந்த விரல்கள் இருந்தன. வெட்டி எடுத்த துண்டில் அந்த விரல்களும் போயின, பெட்டி விழுவதும் போனது, பார்வையும் போனது.

இதற்கு மேல் மறுத்து என்ன ஆகப்போகிறது? பாட்டை மறுபடியும் ஓட்டினேன். கடைசியில், ஒட்டிய இடத்தில், படம் ஒரு குதி குதித்தது. யாரும் பொருட்படுத்தவில்லை, கை தட்டினார்கள். அங்கிளின் தோளில் தட்டினார்கள். அண்ணை இல்லாவிட்டால் இந்தச் சந்தோசம் எங்கே என்று யாரோ சொன்னது ஜன்னலால் கேட்டது.

படம் முடிந்ததும் நடந்ததை ஒரு தாளில் எழுதி, வெட்டிய துண்டோடு முகாமையாளரின் மேசையில் வைத்தேன். யார் சுற்றினார் என்பதையும் எழுதினேன். ஒளிக்க என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

திங்கட்கிழமை ஓய்வூதியக்காரர்கள் வந்தார்கள். தொப்பிப் பெட்டிப் பாட்டு வந்தபோது சபை முழுவதும் மெல்லச் சேர்ந்து முணுமுணுத்தது. அவர்களுக்கு அது மனப்பாடம். பிறகு அந்தக் குதி. ஒரு மூதாட்டி இடைவழியில் நின்று முகாமையாளரிடம் முறையிட்டதைக் கண்டேன். கணவரோடு முதன்முதலில் பார்த்த படமாம். அந்தப் பார்வைக்காகத்தான் இரண்டு பஸ் மாறி வந்தாராம். அந்த வயதிலும் அந்த நடிகனைச் சொல்லும்போது அவர் முகம் சிவந்தது. அவருக்குக் கண்ணும் தெரிந்தது, காதும் கேட்டது.

முகாமையாளர் அங்கிளைக் கூப்பிட்டார். அங்கிள் ஒரு பெட்டி லட்டுடன் வந்தார். நான் கதவுக்கு வெளியே நிற்கவில்லை, உள்ளேதான் நின்றேன். அவர் என்னை ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் நெஞ்சில் கிடக்கிறது. அவர் எனக்காக மன்றாடினார். சின்னப் பிள்ளை, சனம் சந்தோசப்படட்டும் என்று ஆர்வத்தில் செய்துவிட்டாள், அவள் குடும்பம் எனக்குத் தெரிந்த குடும்பம், எனக்காக மன்னித்துவிடுங்கள் என்றார். நல்ல ஆங்கிலத்தில், கையை நெஞ்சில் வைத்து. நான் எழுதியது அவருக்கு முன்னால் மேசையில்தான் கிடந்தது. அதைப் பற்றி முகாமையாளர் கேட்டபோது, பயத்தில் பிள்ளைகள் இப்படித்தான் எழுதுவார்கள் என்று சிரித்தார். முகாமையாளரின் முகம் இளகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடுகிற படத்தைப் பார்ப்பது போல இருந்தது.

அவர் போன பிறகு முகாமையாளர் நியாயமாகத்தான் பேசினார். அந்த மனிதர் அறைக்குள் வந்ததைப் பார்த்தவர் யாராவது உண்டென்றால் அழைத்து வா, நான் கேட்கிறேன் என்றார். இல்லையென்றால் வெள்ளிக்கிழமையோடு முடித்துக்கொள்வோம் என்றார்.

பார்த்தவர் இருந்தார். மாடிப்படியின் கீழே நின்று டிக்கெட் கிழித்தவர்.

அன்று பின்னேரம் அப்பா வேலைக்குப் போகச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். பெற்றோல் நிலையத்தின் பெயர் நெஞ்சில் தைத்த சட்டை. நான் நடந்ததைச் சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"அவர் மேல ஏறினதை நீங்கள் பாத்தனீங்கள்தானே?"

"பாத்தனான்."

"அதை வந்து மனேஜரிட்ட ஒருக்காச் சொல்லுங்கோ அப்பா. வேற ஒண்டும் வேண்டாம்."

அவர் பொத்தானைப் போட்டு முடித்தார். கண்ணாடியில் காலரைச் சரிசெய்தார். அங்கிள் எங்களுக்குச் செய்ததெல்லாவற்றையும் சொல்லத் தொடங்குவார் என்று எதிர்பார்த்தேன். பதில்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன், வரிசையாக. அவர் அதைச் சொல்லவில்லை.

"உனக்கு வேற வேலை கிடைக்கும், பிள்ளை. எனக்கு வேற சனம் கிடைக்காது."

சொல்லிவிட்டுக் கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமை நான் என் தேநீர்க் கோப்பையையும் திருகாணி முறுக்கிகளையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை படப்பெட்டி பாரிஸிலிருந்து வந்தது. ஓய்வு பெறவிருந்த ஆபரேட்டரை அழைத்துக் காட்சி நடத்தினார்கள். அப்பா டிக்கெட் கிழித்தார்.

அப்பா சொன்னது சரியாகத்தான் போனது. எனக்கு வேறு வேலை கிடைத்தது. சரியாகப் போனதால் அது இன்னும் கசக்கிறது. பிழையாகப் போயிருந்தால் ஒருநாளாவது அவரிடம் கேட்டிருப்பேன்.

சில வருடங்களில் கடைக்குக் கடை தமிழ்ப் பட வீடியோ கசெட் வாடகைக்கு வந்துவிட்டது, தியேட்டருக்குக் கூட்டம் குறைந்தது. அந்தத் தொப்பிப் படம் இப்போதும் கிறிஸ்மஸ் விடுமுறை மத்தியானங்களில் தொலைக்காட்சியில் வரும். போன கிறிஸ்மஸுக்கு நான் அப்பா வீட்டில் இருந்தபோது வந்தது. அப்பா சத்தத்தைக் கூட்டினார். பெட்டிகள் சாய்ந்தன, விழவில்லை. நான் மேசை விளிம்பைத்தான் பார்த்தேன். விரல்கள் தெரியவில்லை. கடைசிப் பெட்டி விழுந்தது, அவன் காலால் ஏந்தினான், குதி இல்லாமல் அந்தப் பார்வை முழுதாக வந்தது. அப்பா வாய்விட்டுச் சிரித்தார். எனக்கும் உதடு அசைந்தது. அதை நான் தடுக்கவில்லை, தடுக்கவும் முடியாது, அவன் அப்படிப்பட்ட நடிகன்.

"நல்ல நடிகன்," என்றார் அப்பா, திரையைப் பார்த்தபடி.

"ஓம்," என்றேன்.

இன்றைய நிலைமை இது. அந்தத் தியேட்டரில் இப்போது கம்பளம் விற்கிறார்கள். அங்கிள் எங்கள் சங்கத்தின் தலைவர். கூட்டங்களில் என்னைக் கண்டால் எங்கட பிள்ளை என்று மற்றவர்களுக்கு அறிமுகம் செய்து வைப்பார். நான் ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் இயந்திரங்களைப் பராமரிக்கிறேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு தடவை அப்பாவைப் பார்க்கப் போகிறேன். அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி நாங்கள் இருவரும் இதுவரை பேசவில்லை.